நரம்பு வரை போன சொத்தை: பற்கூழைப் பிழைக்கவைக்கும் சிமெண்ட்

"சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு, ரூட் கெனால்தான் பண்ணணும்." பல் மருத்துவரின் நாற்காலியில் படுத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. முன்பெல்லாம் அதற்கு மேல் பேச்சே கிடையாது. இப்போது இன்னொரு கேள்வியும் கேட்க முடிகிறது: நரம்பு வரைக்கும் போனது சரி, நரம்பு செத்துவிட்டதா? சாகவில்லையென்றால் அதை ஏன் முழுக்க எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தது ஒரு சிமெண்ட். வீடு கட்டும் சிமெண்டின் ஒன்றுவிட்ட தம்பி என்றே அதைச் சொல்லலாம். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

பல்லுக்குள் இருப்பது நரம்பு மட்டும் இல்லை

பல்லின் மேல்தோடு எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான், ஆனால் உயிரில்லாதது. அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால் ஒருமுறை உடைந்த எனாமல் திரும்ப வளராது. அதற்கு உள்ளே டென்டின். மஞ்சள் சாயலும் கொஞ்சம் மென்மையும் உள்ள இதற்குள் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஓடுகின்றன. நடுவே, நாலா பக்கமும் டென்டின் சுவர் சூழ்ந்த சின்ன அறையில் இருக்கிறது பற்கூழ். இரத்தக் குழாய், நரம்பு இழை, நோய் எதிர்ப்புச் செல்கள், இணைப்புத் திசு எல்லாம் சேர்ந்த இளஞ்சிவப்பான மென்சதை அது. நாம் மொத்தமாக 'நரம்பு' என்று சொல்லிவிடுவது இதைத்தான்.

கூழின் வெளிவிளிம்பில் ஓடோன்டோபிளாஸ்ட் என்ற செல்கள் வரிசையாக நிற்கின்றன. டென்டினைக் கட்டும் கொத்தனார்கள் இவர்கள்தான். ஒவ்வொரு செல்லும் தன் வாலை டென்டின் குழாய்க்குள் நீட்டி வைத்திருக்கும். சொத்தை இன்னும் தொலைவில் இருக்கும்போதே, அமிலமும் கிருமிகளின் கழிவும் இந்தக் குழாய்கள் வழியே வந்து சேரும். கொத்தனார்கள் உடனே உள்பக்கமாக இன்னொரு பூச்சு பூசத் தொடங்குவார்கள். மெதுவாக வளரும் சொத்தையில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் எங்கே என்றால், இந்த அறைக்குச் சன்னல் இல்லை. இரத்தம் வந்துபோக வேரின் நுனியில், வளர்ந்தவர்களுக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு துளைதான் வழி. கையில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது. பற்கூழ் வீங்க இடம் இல்லை. அழுத்தம் ஏறுகிறது, இரவில் படுத்ததும் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. இப்படி வீங்கினால் கூழ் தன் இரத்தக் குழாயைத் தானே நெரித்துக்கொண்டு மொத்தமாகச் செத்துப்போகும் என்று வெகுகாலம் நம்பினார்கள். அந்த எண்ணம் முழுக்கச் சரியில்லை. சொத்தை தொட்ட மூலையில் கூழ் புண்ணாகிக் கிடக்கும்போதே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நல்ல நிலையில் இருக்கலாம். இனி சொல்லப்போகும் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

எலிகள் சொன்னது

1965ல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலிகளின் கடைவாய்ப்பல்லைத் துளைத்து, பற்கூழைத் திறந்து, எதையும் வைத்து அடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கோ, துளைக்குள் தீனித் துணுக்குகள் அடைந்து கிடந்தபோதும் கூழ் பிழைத்திருந்தது. துளைக்குக் குறுக்கே புதிய டென்டினும் கட்டியிருந்தது.

அந்த எலிகளுக்கு எந்த மருந்தும் வைக்கவில்லை. கிருமி வராமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. இனி எந்தப் பொருளின் விளம்பரத்தைப் படித்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பற்கூழைக் குணப்படுத்துவது பற்கூழேதான். மேலே வைக்கிற பொருளுக்கு இரண்டு வேலை: கிருமியை உள்ளே விடாமல் கதவை அடைப்பது, கூழ் வேலையைத் தொடங்க ஒரு தூண்டுதல் கொடுப்பது.

தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? டென்டின் உருவாகும் காலத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் அதற்குள் புதைந்துவிடுகின்றன. டி.ஜி.எஃப். பீட்டா 1 அவற்றில் முக்கியமானது. காரத்தன்மையுள்ள பொருள் டென்டினைத் தொட்டதும் அந்தப் புரதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து வெளியேறி, கூழில் தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்களைக் கூப்பிடுகின்றன. ஓடோன்டோபிளாஸ்ட் செத்துவிட்டால் அது பிரிந்து இன்னொன்றை உருவாக்காது. அதன் இடத்துக்கு இந்த ஸ்டெம் செல்கள்தான் வந்து, ஓடோன்டோபிளாஸ்ட் மாதிரியான செல்லாக மாறி, டென்டின் மாதிரியான கெட்டித் திசுவைப் போடுகின்றன. வளர்ந்தவர்களின் பற்கூழில் இப்படிப்பட்ட ஸ்டெம் செல்கள் உண்டு என்பதை 2000ல் கிரான்தோஸ், ஷி முதலியோர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

திறந்த இடத்தின் குறுக்கே கட்டும் இந்தத் திசுவுக்கு டென்டின் பாலம் என்று பெயர். நாளொன்றுக்குச் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற கணக்கில்தான் அது வளரும். எக்ஸ்ரேயில் ஒரு கோடாகத் தெரிய மாதங்கள் பிடிப்பது அதனால்தான்.

கால்சியம் ஹைட்ராக்சைடின் நீண்ட ஆட்சி

திறந்த கூழின் மேல் எதையாவது வைத்து மூடிப் பார்க்கும் யோசனை பழையது. 1756லேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் ஃபிலிப் ஃபாஃப் மெல்லிய தங்கத் தகடு வைத்து மூடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். தங்கம் கிருமியையும் தடுக்கவில்லை, கூழையும் தூண்டவில்லை.

1920களில் ஹெர்மன் கொண்டுவந்த கால்சியம் ஹைட்ராக்சைடுதான் முதலில் பலன் தந்தது. நம் ஊரில் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பை நீரில் நீற்றினால் கிடைப்பதும் இதே வேதிப்பொருள்தான். காரத்தின் அளவைச் சொல்லும் பி.எச். எண் இதற்குச் சுமார் 12.5. அந்தக் காரத்தில் கிருமி சாகும். கூழின் மேல்படலமும் மெல்லியதாக வெந்துவிடும். வெந்த படலத்துக்கு அடியில் பாலம் கட்டத் தொடங்கும்.

குறை என்னவென்றால், அது டென்டினோடு ஒட்டாது. அடைப்புக்கு அடியில் கசிவு இருந்தால் வருடக் கணக்கில் கரைந்து, இருந்த இடம் காலியாகிவிடும். கட்டிய பாலத்திலும் ஓட்டைகள். நுண்ணோக்கியில் பார்த்தால் கூழிலிருந்து வெளிப்பக்கம் வரை சுரங்கம்போல் வழிகள் தெரியும். மேலே வைத்த அடைப்பு கசியத் தொடங்கினால், கிருமி அந்தச் சுரங்கம் வழியே நேராகக் கூழுக்குள் இறங்கும். முதல் ஆண்டில் நன்றாக இருந்த பல் ஐந்தாம் ஆண்டில் சீழ் வைத்ததற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

சிமெண்ட் வந்தது

1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபிநெஜாத் வேறொரு பிரச்சினைக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். வேர் சிகிச்சையின்போது (ரூட் கெனால்தான்) தவறுதலாக வேரில் விழும் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது? அந்த இடம் எப்போதும் ஈரமாக, இரத்தத்தோடு இருக்கும். பல் அடைக்கும் பொருள்களில் பலவற்றுக்கு ஈரம் ஆகாது. ஈரத்தில்தான் இறுகும் பொருள் எது? சிமெண்ட்.

அப்படிப் பிறந்ததுதான் மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட், சுருக்கமாக எம்.டி.ஏ. முதல் ஆய்வுக் கட்டுரை 1993ல் வந்தது. 1998ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. பொடியில் ஏறத்தாழ 75 விழுக்காடு போர்ட்லண்ட் சிமெண்ட், 20 விழுக்காடு பிஸ்மத் ஆக்சைடு, 5 விழுக்காடு ஜிப்சம். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காகத்தான் பிஸ்மத் சேர்த்தார்கள்.

"அப்படியென்றால் கடைச் சிமெண்டையே வைத்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. கட்டடச் சிமெண்டில் ஆர்செனிக், ஈயம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு இல்லை, துகள் அளவு சீராக இல்லை, எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. இன்றைய நல்ல தயாரிப்புகளில் போர்ட்லண்ட் சிமெண்டுக்குப் பதிலாக ஆய்வகத்தில் தூய்மையாகத் தயாரித்த ட்ரைகால்சியம் சிலிகேட்தான் இருக்கிறது.

இதன் வேதியியல் எளிது. ட்ரைகால்சியம் சிலிகேட் தண்ணீரோடு சேர்ந்தால் இரண்டு பொருள் உண்டாகும். ஒன்று கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை. கான்கிரீட்டுக்கு உறுதி தருவது இதுதான். இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, நம் பழைய நண்பர். அதாவது, கால்சியம் ஹைட்ராக்சைடின் தூண்டுதல் கிடைக்கிறது, ஆனால் அது கரையாத கல்லுக்குள்ளிருந்து மெல்ல மெல்லக் கசிகிறது. கலக்கியதும் பி.எச். 10.2, மூன்று மணி நேரத்தில் 12.5 வரை ஏறும். கசியும் கால்சியம், திசு நீரில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து சிமெண்டின் மேல் அபடைட் படிகங்களாகப் படியும். எலும்பும் பல்லும் அபடைட்டால் ஆனவை. அதனால் உடம்பு இந்தப் பரப்பை அந்நியமாக எண்ணி ஒதுக்குவதில்லை.

இப்படி உடல் திசுவோடு வினைபுரிந்து, இடையில் அபடைட் படலம் உண்டாக்கிப் பிணையும் பொருளைத்தான் பயோஆக்டிவ் என்கிறார்கள். தமிழில் உயிர்வினை புரியும் பொருள் எனலாம். 1969ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 கண்ணாடியோடு தொடங்கியது இந்தக் கருத்து. எலும்போடு ஒட்டிக்கொண்ட முதல் செயற்கைப் பொருள் அது. இப்போது ஃப்ளூரைடு கசியும் சாதாரண அடைப்புப் பொருளுக்குக்கூட இந்தப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், கால்சியம் எவ்வளவு காலம் வெளியேறுகிறது, பி.எச். எவ்வளவு, எக்ஸ்ரேயில் தெரிகிறதா, உள்ளே ரெசின் என்ற பிளாஸ்டிக் போன்ற பிசின் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயன். ரெசின் கலந்து ஒளியில் இறுகும் வகைகள் கையாளச் சுலபம். ஆனால் முழுதாக இறுகாத ரெசின் மூலக்கூறு கூழுக்கு நஞ்சு. அதனால் திறந்த கூழின் மேல் நேரடியாக வைக்க அவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லதல்ல.

எம்.டி.ஏ.வைக் கலக்குவதும் கையாள்வதும்

மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு தூய நீர், எடைக் கணக்கில். கண்ணாடித் தட்டில் வைத்துக் கலக்கினால் பசையாகத் திரளாது. கடற்கரையில் அலை வந்துபோன இடத்து மணலைப்போல இருக்கும், அள்ளினால் உதிரும். நீர் கூடிவிட்டால் சாம்பல் கஞ்சியாகி ஓடும். அப்படி வைத்தது நுண்துளைகளோடு பலவீனமாக இறுகும். நீர் குறைந்துவிட்டால் வைக்கிற இடத்தில் பொடியாகவே கிடக்கும். அதிகமாகிவிட்ட நீரை உலர்ந்த காஸ் துணியால் ஒற்றி எடுக்கலாம். தட்டிலேயே சில நிமிடம் விட்டால் காய்ந்து பயனற்றுப்போகும் என்பதால், மேலே ஈரத் துணி மூடி வைப்பார்கள். கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் விட்டு கியூரிங் செய்வதில்லையா, அதேதான். பழைய எம்.டி.ஏ. இறுக ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் அதற்கு ஈரம் வேண்டும்.

இந்த நீண்ட நேரமும், பல்லின் நிறம் மாறுவதும் எம்.டி.ஏ.வின் இரண்டு பெரிய தொல்லைகள். பல்லைக் கழுவப் பயன்படும் ப்ளீச் கரைசலான சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தொட்டால் பிஸ்மத் ஆக்சைடு கறுக்கும். இரத்தம் பட்டாலும் சிமெண்ட் கறை பிடிக்கும். கடைவாயில் பரவாயில்லை. முன்பல்லில் ஆறு மாதத்தில் சாம்பல் நிழல் விழுந்தால் சிகிச்சை வெற்றி பெற்றாலும் நோயாளி கோபத்தோடுதான் திரும்பி வருவார்.

2009 வாக்கில் பிரான்ஸின் செப்டோடான்ட் நிறுவனம் கொண்டுவந்த பயோடென்டின் இரண்டையும் பெருமளவு தீர்த்தது. இதில் பிஸ்மத் இல்லை, எக்ஸ்ரேக்காக சிர்கோனியம் ஆக்சைடு இருக்கிறது. திரவத்தில் கால்சியம் குளோரைடு கலந்திருப்பதால் சீக்கிரம் இறுகும். தயாரிப்பாளர் தரும் கணக்கு 12 நிமிடம். கேப்சூலைத் திறந்து ஐந்து சொட்டுத் திரவம் விட்டு, அமால்கமேட்டர் எந்திரத்தில் 30 விநாடி ஆட்ட வேண்டும். தவறு நடப்பது இந்தச் சொட்டில்தான். குழாயைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு சின்னதாகும், குமிழி சேர்ந்தால் ஐந்து என்பது நாலரையாகும். நேராகப் பிடித்து, முதலில் வரும் குமிழியை வெளியே விட்டுவிட்டு எண்ண வேண்டும். சரியாக வந்தால் மெழுகுபோல் உருட்டக்கூடிய வெள்ளைப் பசை கிடைக்கும்.

கலக்கவே தேவையில்லாத, பிசைந்த மாவுபோல் சிரிஞ்சில் வரும் வகைகளும் இருக்கின்றன. இவை திசுவின் ஈரத்தை உறிஞ்சி இறுகும். வசதியானவை, விலை அதிகம். ஒருமுறை திறந்த சிரிஞ்சை மூடாமல் வைத்தால் காற்றின் ஈரத்திலேயே முனை இறுகிப்போகும்.

நாற்காலியில் நடப்பது

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 12 வயதுச் சிறுமி, கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல். ஆறேழு வயதில் முளைத்த பல் என்பதால் பால்பல் என்று நினைத்து வீட்டார் கவனிக்காமல் விடுவது இந்தப் பல்லைத்தான். ஆழமான சொத்தை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலி, தூங்கும்போது வலி இல்லை.

முதலில் கூழின் நிலையைக் கண்டறிய வேண்டும். குளிர்விக்கும் ஸ்ப்ரே அடித்த பஞ்சைப் பல்லில் வைத்தால் சுருக்கென்று வலித்து, எடுத்ததும் ஓரிரு நொடியில் அடங்குவது நல்ல கூழ். எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, தானாகவே வலி எழுந்தாலோ வீக்கம் ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம். குளிரே உறைக்கவில்லை, ஈறில் கொப்புளம் இருக்கிறது, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு வட்டம் தெரிகிறது என்றால் பெரும்பாலும் கூழ் செத்துவிட்டது, இந்தச் சிமெண்டுக்கு அங்கே வேலை இல்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, ரப்பர் டேம் மாட்டுகிறார்கள். பல்லை மட்டும் வெளியே நீட்டி, எச்சிலைத் தடுக்கும் ரப்பர் தாள் அது. மொத்தச் சிகிச்சையில் விலை மலிவான பொருள் இதுதான், தவிர்க்கக்கூடாததும் இதுதான். எச்சிலில் இருப்பது கிருமி. அதைத் திறந்த கூழின் மேல் சொட்டவிட்டுவிட்டு உலகத்தின் சிறந்த சிமெண்டை வைத்தாலும் எலிகள் சொன்ன பாடம் மாறாது.

சொத்தையைச் சுற்றுச்சுவரிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுத்தம் செய்கிறார்கள். கூழுக்கு மேலே இருப்பதைக் கடைசியில்தான் தொட வேண்டும். கிருமி நீக்கிய புதிய பர் (பல்லைக் குடையும் சுழல்முனை) எடுத்துக்கொண்டு, தண்ணீர் பீய்ச்சியபடி மெதுவாக எடுக்கிறார்கள். ஒரு கட்டத்தில் சிவப்புப் புள்ளி தெரிகிறது. கூழ் திறந்துவிட்டது.

இங்கேதான் அனுபவம் பேசும். சோடியம் ஹைப்போகுளோரைட் நனைத்த பஞ்சு உருண்டையை லேசாக வைத்துக் காத்திருக்கிறார்கள். செறிவு 1.5 முதல் 6 விழுக்காடு வரை பயன்படுத்துகிறார்கள். பிரகாசமான சிவப்பில் இரத்தம் வந்து ஐந்து நிமிடம் போலப் பொறுத்தால் நின்றுவிட்டால், அடியில் இருக்கும் கூழ் நலம். நிற்கவில்லையென்றால் மேல்படலம் புண்ணாகி இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கூழை வெட்டி எடுத்து மறுபடி பஞ்சு வைக்கிறார்கள். இதற்கு அதிவேகத்தில் சுழலும் வைர பர்தான் வேண்டும். கரண்டி மாதிரி கருவியால் பிய்த்தால் அடியில் உள்ள நல்ல திசுவும் நசுங்கும். இந்தப் பகுதி வெட்டு முறையை ஸ்வீடனின் மியோமிர் ஸ்வெக் 1978ல் எழுதினார். அடிபட்டு உடைந்த 60 பற்களில் 96 விழுக்காடு குணமானதை அதில் காட்டியிருக்கிறார். அப்போது அவர் வைத்தது பழைய கால்சியம் ஹைட்ராக்சைடுதான் என்பதைக் கவனியுங்கள். புண்ணான கூழைச் சரியாக வெட்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அதற்கும் இரத்தம் நிற்கவில்லையென்றால், பல்லின் தலைப்பகுதியில் இருக்கும் கூழ் முழுவதையும் எடுத்து, வேர்க்குழாய்களின் வாயில் நிறுத்துகிறார்கள். இது முழு பல்பாட்டமி. பத்து நிமிடம் பொறுத்தும் வேர்க்குழாய்களின் வாயிலிருந்து கருஞ்சிவப்பாக வழிந்துகொண்டே இருந்தால், அல்லது ஒரு குழாயில் இரத்தமே இல்லாமல் மஞ்சளாக இருந்தால், இனி வேர் சிகிச்சைதான். இரத்தத்தை எதையாவது வைத்து அழுத்தி நிறுத்திவிட்டு மேலே சிமெண்ட் பூசுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. வெட்டிய பரப்பில் இரத்தக் கட்டி தங்கினாலும் கெடுதல்தான். சிமெண்ட் கூழைத் தொடாது, கட்டி அழுகிக் கிருமிக்குத் தீனியாகும்.

நம் சிறுமிக்கு இரண்டு மில்லிமீட்டர் வெட்டியதும் இரத்தம் நின்றது என்று கொள்வோம். சலைனில் கழுவி, ஈரம் ஒற்றி, சிமெண்டை வைக்கிறார்கள். கனம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, திறப்பைச் சுற்றியுள்ள டென்டின் மேலும் கொஞ்சம் படர வேண்டும். அழுத்திக் குத்தக் கூடாது. நனைத்த பஞ்சால் லேசாகத் தட்டினால் போதும். அதன்மேல் பல்லோடு ஒட்டும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள், அதன்மேல் நிரந்தர அடைப்பு. சுவர் பலவீனமாக இருந்தால் கேப். பயோடென்டினை முழுக்க நிரப்பி சில வாரம் தற்காலிக அடைப்பாக விட்டு, பிறகு மேல்பகுதியைச் செதுக்கி, பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் அடைப்பு வைப்பதும் உண்டு. இன்னும் முழுதாக இறுகாத சிமெண்டின் மேல் உடனே அமிலம் தடவி ஒட்டினால் பிடிப்பு குறைகிறது என்பதால் இந்த முறை.

கசிவில்லாத நிரந்தர அடைப்பைத் தள்ளிப்போடுவதுதான் தோல்விக்கு அதிகம் வழிவிடும் தவறு. 'வலி போயிடுச்சே' என்று தற்காலிக அடைப்போடு ஆறு மாதம் சுற்றினால், அது தேய்ந்து ஓரம் விட்டு, கிருமி இறங்கிவிடும்.

தானாக வலி எழும் பற்களுக்கும், அதாவது பாடநூல்கள் 'மீளாத வீக்கம்' என்று எழுதிவைத்த பற்களுக்கும், இந்த முழு பல்பாட்டமி பலிக்கிறது என்பதுதான் அண்மைக் காலப் பெரிய மாற்றம். ஈரானில் அஸ்கரி குழுவினர் பல மருத்துவ மையங்களில் நடத்திய ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் பல்பாட்டமி வேர் சிகிச்சைக்கு ஈடாகவே இருந்தது. வேர் சிகிச்சை நிபுணர்களின் அமைப்புகளான ஐரோப்பிய எண்டோடான்டாலஜி சங்கம் 2019லும், அமெரிக்க எண்டோடான்டிஸ்டுகள் சங்கம் 2021லும் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கைகள் இந்த வழியை ஏற்கின்றன. வேரில் கூழ் உயிரோடிருந்தால் கடிக்கும் அழுத்தத்தைப் பல் உணரும், எதிர்ப்பாற்றலும் தங்கும், வேர்க்குழாயைக் கருவி விட்டுக் குடைய வேண்டியிருக்காது. சிறுவர்களுக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு. பல் முளைத்து ஏறக்குறைய மூன்றாண்டு கழித்தே வேர் நுனி மூடுகிறது. அதற்கு முன் கூழ் செத்தால் வேர் குட்டையாக, சுவர் மெலிந்து, சின்ன அடியிலும் முறியக்கூடியதாக நின்றுவிடும்.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் லேசான வலி இயல்பு. நாள் போகப் போகக் கூடினால் உடனே போய்ப் பார்க்க வேண்டும். வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் ஒருமுறை, ஓராண்டில் எக்ஸ்ரேயோடு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. கூழ் சத்தமில்லாமல் சாகும் வழக்கமுடையது, பெரும்பாலும் எக்ஸ்ரேதான் அதைக் காட்டிக்கொடுக்கும். சில பற்களில் கூழ் பிழைத்து, அளவுக்கு மீறி டென்டின் போட்டு வேர்க்குழாயையே குறுக்கிவிடுவதும் உண்டு.

செத்துப்போன கூழைத் திரும்ப வளர்க்க முடியுமா?

இதுவரை சொன்னது பழுது பார்த்தல். உயிரோடிருக்கும் கூழ் தன்னைத்தானே ஒட்டுப்போட்டுக்கொள்ள உதவினோம். கூழ் முழுக்கச் செத்து, வேர் நுனி இன்னும் திறந்திருக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு முறை இருக்கிறது. 2001ல் ஜப்பானில் இவாயாவும், 2004ல் பாங்க்ஸும் ட்ரோப்பும் வெளியிட்ட நோயாளி விவரங்களிலிருந்து இது பரவியது.

வேர்க்குழாயைக் கருவியால் சுரண்டுவதில்லை, சுவர் ஏற்கெனவே மெலிந்தது. 1.5 விழுக்காடு ஹைப்போகுளோரைட் 20 மி.லி. கொண்டு ஐந்து நிமிடம் மெல்லக் கழுவுகிறார்கள். செறிவு கூடினால் வேர் நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்களும் சாகும். கால்சியம் ஹைட்ராக்சைடோ, மிகக் குறைந்த செறிவில் ஆன்டிபயாடிக் பசையோ வைத்து மூடி, ஒன்று முதல் நான்கு வாரம் விடுகிறார்கள். இரண்டாம் வருகையில் இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி போடுகிறார்கள், ஏனென்றால் இம்முறை இரத்தம் வர வேண்டும். கால்சியத்தை இழுத்தெடுக்கும் இ.டி.டி.ஏ. என்ற பொருளின் 17 விழுக்காடு கரைசலால் கழுவினால் டென்டினில் புதைந்த வளர்ச்சிக் காரணிகள் வெளிப்படும். பிறகு மெல்லிய கருவியை வேர் நுனிக்கு 2 மி.மீ. வெளியே விட்டுக் கிளறி, குழாய்க்குள் இரத்தம் ஏறி உறையவிட்டு, அந்த இரத்தக் கட்டியின் மேல் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தாங்கு படலம் வைத்து, அதன்மேல் 3 மி.மீ. கால்சியம் சிலிகேட் சிமெண்ட். கொலாஜன் வைக்காமல் விட்டால் சிமெண்ட் கட்டிக்குள் மூழ்கி வேரின் நடுவில் போய் நிற்கும். இரத்தம் வரவே மாட்டேன் என்பதும் அடிக்கடி நடக்கும்.

பல பற்களில் சீழ் வற்றி, எலும்பு மூடி, ஓரிரு ஆண்டில் வேர்ச்சுவர் தடிக்கிறது. ஆனால் உள்ளே வளர்ந்தது என்ன என்று வெட்டிப் பார்த்த ஆய்வுகளில் தெரிந்தது பெரும்பாலும் சிமெண்டம் (வேரின் மேலுறையாக உடம்பே போடும் கெட்டித் திசு) மாதிரியான, எலும்பு மாதிரியான திசுதான். ஓடோன்டோபிளாஸ்ட் வரிசையோடு கூடிய அசல் கூழ் இல்லை. எனவே 'மறுஉருவாக்கம்' என்று மருத்துவமனைப் பலகையில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு படிக்கலாம். பிள்ளையின் பல் நிலைக்கிறது என்பதே போதுமான லாபம்.

அசல் கூழுக்கான முயற்சி ஆய்வு நிலையில் நடக்கிறது. 2017ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப் குழுவினர் டைட்க்ளூசிப் என்ற மருந்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து எலிப்பற்களில் வைத்து, டென்டின் இயல்பைவிட நன்றாக மூடுவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜப்பானில் நகாஷிமா குழுவினர் ஐந்து நோயாளிகளுக்கு அவரவர் பற்கூழ் ஸ்டெம் செல்லையே வளர்த்து வேருக்குள் வைத்தார்கள். 2018ல் சீனாவில், அடிபட்டுச் செத்த முன்பற்களுக்குள் அதே குழந்தையின் பால்பல் ஸ்டெம் செல்களை வைத்ததில், உணர்வும் இரத்த ஓட்டமும் திரும்பிய முப்பரிமாணக் கூழ் வளர்ந்தது.

இந்தச் செய்திகளைக் காட்டி, விழும் பால்பற்களைக் கட்டணம் கட்டி உறைநிலையில் சேமித்து வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இந்தச் செல்லை எடுத்துக்கொண்டு போனால், பல்லுக்குள் வைத்துத் தரும் சாதாரணப் பல் மருத்துவமனை இன்று எது? வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் பரவவில்லை. அதே பணத்தில் பிள்ளையின் ஆறாம் வயதுக் கடைவாய்ப்பல் நான்குக்கும் பள்ளத்தை அடைக்கும் சீலன்ட் போட்டுவிடலாம்.